ரசமட்டத்தை விட்டு வந்த வீடு

வேலை முடிந்த வீட்டிலிருந்து என் கணவர் எல்லாச் சாமான்களோடும் திரும்பி வந்ததே இல்லை. ஏதாவது ஒன்றை அங்கேயே வைத்துவிட்டு வருவார். கல்யாணமான புதிதில் அதை மறதி என்று நினைத்தேன். மூன்றாவது வீட்டில்தான் கவனித்தேன். சுவர் செங்குத்தாக இருக்கிறதா என்று பார்க்கும் தூக்குக்குண்டைத் துடைத்து, நூலை அதன் மேல் சுற்றி, படிக்கட்டுக்கு அடியில் யார் காலும் படாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டு வந்தார். மறந்து வைக்கிறவர் யாரும் அப்படி வைக்க மாட்டார்கள்.

அவர் கொத்தனார். பதினான்கு வயதில் கலவை போட வந்து, கரண்டி பிடித்து, பிறகு சின்னச் சின்ன வீடுகளை மொத்தமாகப் பேசிக் கட்டிக் கொடுக்கும் மேஸ்திரி ஆனார். எங்கள் தொழிலில் வீடு கட்டச் சொல்கிறவரைப் பார்ட்டி என்று சொல்வோம். பார்ட்டி தவணை தவணையாகப் பணம் தருவார். பத்தில் ஒரு பங்கைக் கடைசித் தவணையாக நிறுத்தி வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் தருவதாகச் சொல்வார். வேலை எப்போது முடிகிறது என்பதில்தான் எல்லாத் தகராறும். அதுவரை கண்ணில் படாத கீறல், கதவு உரசுகிற சத்தம், ஜன்னல் ஓரத்துப் பெயிண்ட் சொட்டு எல்லாம் கடைசித் தவணை தருகிற வாரத்தில் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும்.

என் கணவரால் காசு கேட்க முடியாது. எட்டு மணி நேரம் வெயிலில் நிற்பார், மூன்றாவது மாடிச் சாரத்தில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு பூசுவார். "பாக்கி தாங்க" என்ற இரண்டு வார்த்தை மட்டும் வாயில் வராது. எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை நேராகக் கேட்டிருக்கிறார். அந்தப் பார்ட்டி ஒரு தையல்காரர். "நாளைக்கு வாங்க" என்றார். பதினோரு மாதம் நாளைக்குப் போனார். கடைசியில் பாக்கிக்குப் பதிலாக இரண்டு சட்டை கிடைத்தது. அளவெடுக்காமல் தைத்த சட்டைகள். இரண்டும் இன்றைக்கும் புதிதாகவே இருக்கின்றன.

அதற்குப் பிறகுதான் சாமானை விட்டு வரும் வழக்கம் வந்தது. பத்து நாள் கழித்து அந்த வீட்டுக்குப் போவார். "மட்டத்தை இங்க விட்டுட்டேன் போலிருக்கு" என்பார். உட்காரச் சொல்வார்கள். டீ கொடுப்பார்கள். சுவரைப் பற்றிப் பேச்சு நடக்கும். பார்ட்டிக்கு மனசு இருந்தால் அவரே, "உங்களுக்கு ஒரு பாக்கி இருக்குல்ல?" என்று எழுந்து உள்ளே போவார். அன்றைக்குச் சாமானும் பணமும் சேர்ந்து வரும். பார்ட்டி அந்தப் பேச்சையே எடுக்காவிட்டால், என் கணவர் டீயைக் குடித்துவிட்டு, "அது இங்கயே இருக்கட்டும், அப்புறம் எடுத்துக்கறேன்" என்று வெறுங்கையோடு திரும்புவார். எடுக்கப் போன சாமானை எடுக்காமல் வருவதை யாரும் இதுவரை ஏன் என்று கேட்டதில்லை.

எங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு காக்கிப் பை தொங்கும். அதில் என்ன இல்லை என்று பார்த்தாலே யார் பாக்கி என்று எனக்குத் தெரிந்துவிடும். சின்ன பாக்கிக்கு நூல் உருண்டை. நடுத்தரத்துக்குத் தூக்குக்குண்டு. ஒரு மருந்துக்கடைக்குப் படி மட்டும் கட்டிக் கொடுத்தபோது வெறும் பென்சிலை விட்டுவிட்டு வந்தார். பெரிய பாக்கி என்றால் ரசமட்டம். ஒரு முழ நீளத்துக்கு அலுமினியக் கட்டை, நடுவில் கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு நீர்க்குமிழி. குமிழி நடுவில் நின்றால் வைத்த இடம் சமமாக இருக்கிறது என்று அர்த்தம். அவரிடம் இருந்ததிலேயே விலை கூடியது அதுதான்.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். முதலில் சித்தாளாகச் சட்டி சுமந்தேன். இரண்டாவது குழந்தைக்குப் பிறகு தண்ணீர் விடும் வேலைக்கு மாறிக்கொண்டேன். புதுச் சுவரும் தளமும் நாள் தவறாமல் நனைந்தால்தான் கெட்டியாகும். குழாயைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றி வரவேண்டும். யாரோடும் பேசத் தேவையில்லாத வேலை. எனக்கு அது ஒத்துப்போனது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பேங்க்காரருக்கு வீடு கட்டினோம். அவர் மனைவி டீச்சர். கூடத்தில் வெள்ளை டைல்ஸ், மாடியில் ஒரு அறை, இரண்டு குளியலறை. டைல்ஸ் போட்டவர் எங்களோடு நாலு வருஷமாக இருக்கிறவர். கை சுத்தம், வாய் சும்மா இருக்காது. மூன்று வாரக் கூலியை அவருக்கு நாங்கள் தரவேண்டியிருந்தது. ஊரில் இருக்கும் மனைவியையும் குழந்தையையும் கூட்டி வர ஒரு அறை பார்த்து வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் அட்வான்ஸ் தராவிட்டால் அறை வேறு யாருக்கோ போய்விடும். அறை போனால் தானும் போய்விடுவதாகச் சொல்லிவிட்டார். இன்னொரு மேஸ்திரி முன்பணத்தோடு கூப்பிட்டுக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை எங்களுக்கு அடுத்த வீட்டு வேலை ஆரம்பம். டைல்ஸ்காரர் இல்லாமல் அந்த வேலை இல்லை. எல்லாமே பேங்க்காரரின் கடைசித் தவணையில் மாட்டிக்கொண்டு நின்றது.

என் கணவர் ரசமட்டத்தை அந்த வீட்டில் விட்டு வந்திருந்தார். மூன்று தடவை போய் மூன்று டீ குடித்திருந்தார்.

வியாழக்கிழமை காலை எங்கள் வாசலில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. பேங்க்காரர். கையில் நியூஸ்பேப்பர் சுற்றி, நூல் கட்டிய நீளமான பொட்டலம்.

"மேஸ்திரி இதை எடுக்க மூணு தடவை வந்தாரும்மா. மூணு தடவையும் மறந்துட்டுப் போயிட்டாரு. பாவம், வேலை ஜாஸ்தி போல. நானே கொண்டாந்துட்டேன்."

நான் வாங்கிக்கொண்டேன். ஏதாவது சொல்ல வேண்டிய இடம் அது என்று தெரிந்தது. சொல்வதற்குள் ஸ்கூட்டர் தெருமுனை திரும்பிவிட்டது. பொட்டலத்தைப் பிரித்தேன். சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார்கள். வாங்கின நாளில்கூட அது அவ்வளவு பளபளப்பாக இருந்ததில்லை.

மத்தியானம் வந்தவர் நாற்காலியில் இருந்த மட்டத்தைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"யாரு கொண்டாந்தது?"

"அவரேதான்."

"வேற ஏதாவது குடுத்தாரா?"

"பேப்பர் சுத்தியிருந்தது."

கூடவே வந்திருந்த டைல்ஸ்காரர் சிரிக்கவில்லை. "அண்ணே, அடுத்த தடவை கலவை மெஷினை விட்டுட்டு வாங்க. ஸ்கூட்டர்ல வச்சு யாரும் திருப்பிக் கொண்டாந்து குடுக்க முடியாது."

"நீ சும்மா இருடா."

"நான் சும்மாதான் இருக்கேன். ரூம்காரர்தான் சும்மா இருக்க மாட்டேங்கறாரு."

வேறு வழியில்லாமல் என் கணவர் போன் செய்தார். முதலில் வீட்டில் எல்லாரும் நலமா என்று கேட்டார். பிறகு மழை வருமா என்று கேட்டார். அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை, கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். வைத்துவிட்டுச் சொன்னார்: "கீழ் பாத்ரூம்ல தண்ணி நிக்குதாம். குளிச்சா கணுக்கால் வரைக்கும் வருதாம். அதைச் சரி பண்ணிக் குடுத்தா அன்னைக்கே செட்டில் பண்ணிடுவாராம்."

டைல்ஸ்காரருக்கு முகம் கறுத்துவிட்டது. "என் தளத்துலயா? நான் போட்ட தளத்துல தண்ணி நிக்குதா? காசு குடுக்க மனசில்லாதவன் சொல்ற கதைண்ணே இது."

"ஞாயித்துக்கிழமை போய் உடைச்சுட்டுத் திருப்பிப் போட்டுடலாம்."

"உடைச்சா நான் இல்ல. திங்கக்கிழமையும் இல்ல. சொல்லிட்டேன்."

உடைத்து, புது டைல்ஸ் வாங்கிப் போட்டால் வரப்போகிற பணத்தில் பாதி அதற்கே போய்விடும். இதை இரண்டு பேரும் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரே விஷயத்தைத்தான் இரண்டு பேரும் சொல்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

"நான் போய்ப் பாத்துட்டு வரேன்" என்றேன்.

இரண்டு பேரும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"நீயா? நீ போய் என்ன பேசுவ?"

"பேசப் போகல. தண்ணியைப் பாக்கப் போறேன்."

சனிக்கிழமை காலை போனேன். மட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன். கையில் சாமான் இருந்தால் எதற்கு வந்தாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கதவைத் திறந்த டீச்சர், "மேஸ்திரி வரலியாம்மா?" என்றார். மட்டத்தைக் காட்டினேன். வழி விட்டார்.

குளியலறைத் தரையில் அதை வைத்தேன். பேங்க்காரர் என் பின்னால் வந்து குனிந்து பார்த்தார். குமிழி கதவுப் பக்கமாக ஒதுங்கி நின்றது.

"பாத்தீங்களா? நடுவுல நிக்கலை! நான் சொன்னேன்ல? தரையே கோணல்!" மனைவியைக் கூப்பிட்டார். "இங்க வா, வந்து பாரு. அவங்க சாமானே காட்டிக் குடுத்துடுச்சு!"

எனக்குப் பார்ட்டியோடு பேசிப் பழக்கமில்லை. ஆனாலும் தளம் பேசாது, டைல்ஸ்காரரும் அங்கே இல்லை.

"நடுவுல நின்னாதான் சார் தண்ணி தேங்கும்" என்றேன். "குமிழி ஒதுங்கற பக்கம் மேடு. தண்ணி போற ஓட்டைப் பக்கம் சரிவா இருக்கணும். இருக்கு."

அவர் குமிழியைப் பார்த்தார். ஓட்டையைப் பார்த்தார். டீச்சர் வாயை முந்தானையால் மூடிக்கொண்டார்.

"அப்போ ஏம்மா தண்ணி நிக்குது?"

ஒரு வாளித் தண்ணீரை மூலையில் ஊற்றினேன். அது நேராக ஓட்டையைப் பார்த்து ஓடியது. ஓடிப்போய் அதன் மேலேயே நின்றது. உள்ளே போகவில்லை. மெதுவாகக் கசிந்து இறங்கியது. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

டைல்ஸ் போடுவதற்கு முன்னால் குளியலறைத் தளத்தில் நாலு நாள் தண்ணீர் கட்டி நிறுத்துவோம், கசிகிறதா என்று பார்க்க. அதற்காகக் குழாய் வாயைச் சிமெண்டுச் சாக்கைச் சுருட்டி அடைப்போம். டைல்ஸ் வேலை நடக்கும்போதும் கலவை உள்ளே விழாமலிருக்க அடைப்பு அப்படியே இருக்கும். கடைசி நாள் அதை எடுப்பது என் கணவர் வேலை. அந்தக் கடைசி நாளில் அவர் எந்தச் சாமானை எங்கே விடுவது என்று யோசித்துக்கொண்டிருந்திருப்பார்.

ஹேர்பின்னால் ஜல்லடைத் தட்டை நெம்பி எடுத்தேன். முழங்கை வரை கையை விட்டேன். சுருட்டிய சாக்கு வந்தது. தேங்கியிருந்த தண்ணீர் மடக் மடக்கென்று குடித்ததுபோல இறங்கியது. தரை காலியானது.

பேங்க்காரர் சாக்கைப் பார்த்தார். "என்னது இது?"

"சாக்கு சார்."

"இதை யாரு உள்ள வச்சது?"

டைல்ஸ்காரர் வாசலில் இருந்திருந்தால் ஏதாவது ஒரு கதை சொல்லியிருப்பார். எலி என்றுகூடச் சொல்லியிருப்பார். எனக்கு அவ்வளவு தூரம் யோசிக்க வராது.

"நான்தான் சார். எடுக்க விட்டுப்போச்சு."

சாக்கிலிருந்து தண்ணீர் என் புடவையில் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு டீச்சர்தான் பேசினார். "ஏங்க, ஒன்றரை மாசமா கணுக்கால் தண்ணியில நின்னு குளிச்சோமே. அந்தத் தட்டைத் தூக்கி ஒரு தடவை பாத்திருக்கலாம்ல?"

"நான் என்னத்தைக் கண்டேன்."

"பேங்க்ல இருக்கீங்க."

"பேங்க்ல பாத்ரூம் நான் கழுவறதில்ல."

அவர் உள்ளே போனார். போனவர் வெகுநேரம் வரவில்லை. ஈரப் புடவையோடு கூடத்தில் நிற்கக் கூச்சமாக இருந்ததால் குளியலறை வாசலிலேயே நின்றேன். திரும்பி வந்தபோது கையில் ஒரு கவர் இருந்தது. "சரி பண்ணினா அன்னைக்கே தரேன்னு சொன்னேன். சரியாயிடுச்சு. எண்ணிப் பாத்துக்கோங்க." நான் எண்ணவில்லை. அவர் பேங்க்காரர், அந்த ஒரு விஷயத்தில் சந்தேகப்பட வேண்டியதில்லை.

ஒரு கையில் சாக்கு, ஒரு கையில் கவர். அப்படியே வீடு வரை நடந்தேன்.

என் கணவர் கவரைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். டைல்ஸ்காரர் கூலியை வாங்கி எண்ணிக்கொண்டே, "அண்ணி, நெசமாவே நீங்க பேசினீங்களா?" என்றார்.

"நாலு வார்த்தை."

"என் தளம்?"

"சரியா இருக்கு."

"சொன்னேன்ல அண்ணே!"

சாக்கைப் பற்றிச் சொன்னேன். என் கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். டைல்ஸ்காரர் ஒரு வாரத்துக்குச் சிரிக்க ஏற்பாடு செய்துகொண்டு அறைக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போனார். அவர் போன பிறகு என் கணவர் காக்கிப் பையைத் தடவிப் பார்த்தார்.

"மட்டம் எங்க?"

அது குளியலறைத் தரையில், குமிழி கதவுப் பக்கம் ஒதுங்கினபடி இருந்தது.

"போய் எடுத்துட்டு வாங்களேன்" என்றேன்.

"எப்படிப் போறது?" என்றார். "காசு குடுத்து முடிச்சுட்டாங்க. இப்போ போய் மட்டத்தை விட்டுட்டேன்னு நின்னா, இன்னும் ஏதோ கேக்க வந்திருக்கேன்னு நெனைக்க மாட்டாங்க?"

இரண்டு தடவை பேங்க்காரர் போன் செய்தார். மட்டம் இங்கே இருக்கிறது, கொண்டு வந்து தரட்டுமா என்றார். என் கணவர் பதறிப்போய், "அது அங்கயே இருக்கட்டும் சார், அவசரமில்ல" என்றார். மூன்றாவது தடவை பேங்க்காரர் குரல் தாழ்ந்திருந்தது. "மேஸ்திரி, மனசு விட்டுச் சொல்லுங்க. நான் இன்னும் ஏதாவது தரணுமா?"

"ஐயோ, ஒண்ணுமே இல்ல சார்."

அவர் நம்பவில்லை என்பது போனிலேயே தெரிந்தது.

அடுத்த வேலை திங்கட்கிழமை ஆரம்பித்து நல்லபடியாக முடிந்தது. டைல்ஸ்காரர் மனைவி, குழந்தையோடு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். மட்டம் வேண்டுமென்றால் அவருடையதை வாங்கிக்கொள்கிறோம். கடைசித் தவணைக்கு இப்போது நான்தான் போகிறேன். பாக்கி கேட்பதற்கு முன்னால் அந்த வீட்டு ஓட்டைகளை எல்லாம் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன். காக்கிப் பையில் ரசமட்டத்தைத் தவிர எல்லாம் இருக்கிறது. யாரும் எங்களுக்குப் பாக்கி இல்லை.