வலது பக்கம் நகர்ந்த பெட்டிகள்

கட்டில் வாங்கிவரப் போன அத்தை பாட்டுப் பெட்டி வாங்கிக்கொண்டு வந்தாள்.

எங்கள் தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் அப்போது பங்களாத் துரைமார்கள் ஒவ்வொருவராகச் சீமைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கிளம்புமுன் வீட்டுச் சாமான்களை வராந்தாவில் பரப்பி விற்பார்கள். அப்படி ஒரு வீட்டில் நல்ல இரும்புக் கட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டு அப்பா தன் தங்கையை அனுப்பினார். மாட்டு வண்டியில் வந்து இறங்கியதோ ஒரு ரிக்கார்டு பிளேயர், கரி மூட்டை கனத்துக்கு வால்வு வைத்த ஆம்ப்ளிஃபயர், சாக்கில் சுற்றிய ஒரு ஸ்பீக்கர், ஒரு கட்டு இசைத்தட்டுகள்.

“கட்டில் எங்கம்மா?” என்றார் அப்பா.

“படுக்கறதுக்குப் பாய் கீதேண்ணா.”

அப்பாவால் அதற்கு மேல் பேச முடியாது. அத்தை சம்பாதிக்கிறவள். ராபர்ட்சன்பேட்டை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். குரலைக் கேட்டே, பேசுகிறவர் உட்கார்ந்திருக்கிறாரா நிற்கிறாரா என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்ட காதுக்கு எங்கள் வீட்டு ரேடியோ போதவில்லை.

வந்த சாமான்களை உடனே பாடவைக்க முடியவில்லை. அது இரண்டு ஸ்பீக்கரில் பாடும் வகை. ஒன்றின் கூம்பு கிழிந்துபோனதால் துரைசானி அதை எறிந்துவிட்டிருந்தாள். அதற்கு ஜோடி தேடி அத்தை ஆறு மாதம் அலைந்தாள். கடைசியில் ரேடியோ ரிப்பேர்க் கடை ஒன்றில், மூலையில் கிடந்த உடைந்த ரேடியோகிராமின் வயிற்றிலிருந்து அதைக் கழற்றி எடுத்துவந்தாள். மிஷின் சாமான் வந்த பெட்டிகளின் பலகையில் தச்சர் இரண்டு கூடுகள் அடித்துக் கொடுத்தார். கூட்டுக்குள் பஞ்சு அடைத்தால் சத்தம் மெத்தென்று இருக்குமாம். பஞ்சு என் தலையணையிலிருந்து போனது. யாராவது நடந்தால் முள் தாவிக் குதிக்கிறது என்று, பழைய டென்னிஸ் பந்துகளைப் பாதியாக அறுத்துப் பிளேயருக்கு அடியில் வைத்தாள். பந்துகளைத் துரைமார் ஆடும் கிளப்புக்குப் பின்னால் இருந்த சாக்கடையிலிருந்து பொறுக்கி வந்தவள் நான். எனக்கு எட்டு வயது. அந்த வீட்டில் என்னைவிடப் பெரிய நிபுணர் அத்தை ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் சேர்ந்ததும் அத்தை சுவரின் இரண்டு ஓரங்களிலும் பெட்டிகளை வைத்து, நூல் பிடித்து அளந்து, எதிரே நாற்காலியின் நான்கு கால்களுக்கும் தரையில் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டாள். அதில் உட்கார்ந்தால்தான் சத்தம் சரியாகப் பிரிந்து கேட்கும். வந்த இசைத்தட்டுகளில் ஒன்றில் பாட்டே கிடையாது, ரயில் ஓடும் சத்தம் மட்டும். இடது பெட்டியில் புறப்பட்டு, நடு வீட்டைக் கடந்து, வலது பெட்டிக்குள் போய் மறையும். எங்கள் லைன் வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் வரிசையில் நின்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர் தலை இடமிருந்து வலமாகத் தானாகத் திரும்பும். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் எழுந்துபோய் வலது பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். “எங்கம்மா கீது ரயிலு?” என்றார். பங்காரப்பேட்டைக்குப் போய்விட்டது என்றேன்.

அந்த வருஷம்தான் அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை ஸ்கெலட்டன் பகுதியைச் சேர்ந்தவர். அண்டர்கிரவுண்டில் பாறையைத் துளைக்கும் டிரில் மிஷின் பிடிப்பவர். நாங்கள் பௌத்தர்கள், ஜாதகம் பார்ப்பதில்லை. ஆளைப் பார்ப்போம், பேசுவோம், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரும் அவர் அம்மாவும் வந்து, புத்தர் படத்துக்குக் கீழே கூச்சத்தோடு உட்கார்ந்தார்கள். அத்தை டீ கொடுத்தாள். அப்புறம் யாருக்கும் பேச ஒன்றுமில்லை.

வீட்டு மானத்தைக் காப்பாற்ற நான் முன்வந்தேன். மாப்பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் நாற்காலியில் உட்காரவைத்து, அத்தையிடம் ரயிலைப் போடச் சொன்னேன்.

ரயில் ஓடியது. மாப்பிள்ளையின் தலை அசையவே இல்லை.

“எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சு?” என்றேன்.

“வலது பக்கம்.”

“தப்பு!”

அத்தை மறுபடியும் போட்டாள். மறுபடியும் வலது பக்கம் என்றார். எனக்கு ஆத்திரம். நேரே அவருடைய இடது காதுப் பக்கம் போய் நின்று, “உங்க பேர் இன்னா?” என்று மெதுவாகக் கேட்டேன். அவர் பாட்டுக்கு அத்தையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“அத்தே, இவருக்கு இந்தக் காது கேக்கல!” என்று கத்தினேன்.

அம்மா என் தொடையைக் கிள்ளியது இன்றைக்கும் நினைவிருக்கிறது. அப்பாவின் முகம் இறுகிவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா, “சளிங்க, ரெண்டு நாளா சளி” என்று அவசரமாகச் சொன்னார்.

“சளி இல்லம்மா,” என்றார் மாப்பிள்ளை. எழுந்து நின்றுகொண்டார். “மிஷின் புடிச்சுப் புடிச்சு இடது காது போயிட்சுங்க. ரெண்டு வருஷம் ஆவுது. சொல்ல வாணாம்னாங்க, நானும் வாய மூடிக்கினு வந்தேன். தப்புதான்.” வாசல்வரை போனவர் திரும்பி, அத்தையிடம் சொன்னார்: “ஆனா ரயிலு நல்லா இருந்துச்சுங்க. எந்தப் பக்கம்னுதான் தெரில.”

அவர்கள் போனபின் அப்பா ஒரே பிடியாக வேண்டாம் என்றார். அப்பா வைண்டிங் டிரைவர், சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் கூண்டை மேலிருந்து இயக்குகிறவர். அடியிலிருந்து அடிக்கும் மணியை எண்ணித்தான், ஆட்கள் ஏறியிருக்கும் கேஜை எந்த லெவலுக்கு விடுவது என்று முடிவு செய்வார். ஒரு மணி காதில் விழாமல் போனால் எத்தனை உயிர் என்று கணக்குப் போடுகிறவர். காது போனவனுக்குத் தங்கையைக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

“மறைச்சிட்டாங்கம்மா.”

“கேட்டதும் சொல்லிட்டாரேண்ணா.”

“ஒரு காதுல இன்னாத்தக் கேட்டுக் குடும்பம் நடத்துவான்?”

“நானும் எக்ஸ்சேஞ்சுல ஒரு காதுலதான் ஹெட்போன் மாட்டிக்கினு நாள் பூரா கேக்கறேன். ஊருல ஒரு பேச்சு எனக்குத் தப்பல, தெரியுமா?” என்றாள் அத்தை.

நாலாம் நாள் அப்பா ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வராமல், நேரே ஸ்கெலட்டனுக்குச் சைக்கிளில் போனார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. திரும்பி வந்து, “நல்ல பையன்தான். நான்தான் கொஞ்சம் கத்திப் பேச வேண்டியிருந்துது” என்றார். அம்மா சிரித்துவிட்டாள்.

கல்யாணமாகி அத்தை போனபோது பாட்டுப் பெட்டிகளும் போயின. பரீட்சை லீவில் நான் ஸ்கெலட்டனுக்குப் போனேன். போனதும் எனக்குப் பகீரென்றது. பெட்டிகள் இரண்டும் நாற்காலிக்கு வலது பக்கத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. கல்யாணமானதும் அத்தைக்குச் சோம்பேறித்தனம் வந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். அவள் கடைக்குப் போயிருந்த சமயம் பெட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்து, பழையபடி இரண்டு ஓரத்துக்கும் நகர்த்தி, நூல் பிடித்து வைத்தேன். வியர்த்துக் கொட்டியது. ஷிப்டு முடிந்து வந்த மாமா நாற்காலியில் உட்கார்ந்து ஒரு தட்டு முழுக்கக் கேட்டார். “அடேங்கப்பா! இப்பதான் சரியா கீது” என்று என் முதுகில் தட்டினார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்த லீவில் போனால் பெட்டிகள் மறுபடியும் வலது பக்கம்.

“இன்னாத்தே இது?”

“இன்னாடி பண்றது? ஏர் பிளாஸ்டு வந்துதில்ல, அதுல நகர்ந்துகிச்சு.”

அதை நம்புவதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. அடியில் பாறை வெடித்தால் எங்கள் ஊரில் பூமி குலுங்கும், அலமாரிப் பாத்திரங்கள் உருளும். அதைத்தான் ஏர் பிளாஸ்ட் என்போம். நான் மறுபடியும் பெட்டிகளை இழுத்து வைத்தேன். மாமா மறுபடியும் பாராட்டினார். அடுத்த முறை போனபோது பூமி மறுபடியும் குலுங்கியிருந்தது. இப்படியே மூன்று வருஷம்.

ஆறாம் வகுப்பில் டீச்சர் நிலநடுக்கப் பாடம் நடத்தினபோது நான் கையைத் தூக்கி எழுந்து நின்றேன். பூமி குலுங்கினால் பொருட்கள் எல்லாம் வலது பக்கமாகத்தான் நகரும் டீச்சர், ஸ்கெலட்டனில் எங்கள் மாமா வீட்டில் என் கண்ணால் பார்த்திருக்கிறேன் என்றேன்.