நோயாளிகள் ஜெபத்தில் அக்காவின் பெயர்

டிமென்ஷியா விழிப்புணர்வு ஞாயிறு என்று எங்கள் சபையில் ஒன்றை நடத்தினார்கள். ஆராதனை முடிந்ததும் யாரும் எழுந்து போகக்கூடாது என்று அறிவித்து, திரையை இறக்கி, ஒரு டாக்டரம்மாவைப் பேச வைத்தார்கள். அவர் நன்றாகத்தான் பேசினார். இந்த நோய் வந்தவர்களை வீட்டுக்குள் அடைக்காதீர்கள், பழகிய இடத்தில் பழகிய முகங்களுக்கு நடுவே வைத்திருங்கள், செய்ததையே திரும்பச் செய்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். கைதட்டினோம். எல்லாருக்கும் ஊதா ரிப்பன் குத்திவிட்டார்கள். அக்காவுக்கும் குத்தினார்கள். அவள் அதைத் தடவிப் பார்த்து, "கல்யாணம் யாருக்குட்டி?" என்று என்னிடம் கேட்டாள்.

வெளியே வந்தபோது பெண்கள் சங்கத்து அம்மாள் ஒருவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னைத் தெரியுதா? நான் யாரு, சொல்லுங்க பார்ப்போம்" என்றார். ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவர் வைக்கும் பரீட்சை இது.

"ஏன், உனக்கே தெரியலையா?" என்றாள் அக்கா.

அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே போய்விட்டார். டாக்டரம்மா பேசியதில் எது காதில் விழுந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் கணவர் இறந்தபின் லோத்குண்டாவில் அவளுடைய வீட்டிலேயே நானும் இருக்கிறேன். நாச்சாரத்தில் ஒரு மருந்துக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் எனக்கு வேலை. நான் போயிருக்கும் நேரத்தில் அவளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வருகிறாள்.

வீட்டில் அக்கா குளியலறைக்கு வழி கேட்பாள். அடுப்படியில் நின்று, இது யார் வீடு என்பாள். கோயிலில் அவளுக்கு எதையும் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்தக் கீர்த்தனையானாலும் எல்லாச் சரணமும் புத்தகம் பார்க்காமல் பாடுவாள். எப்போது எழுவது, எப்போது முழங்காலிடுவது என்பது அவள் உடம்புக்கே தெரியும். வாரத்தில் அந்தக் கொஞ்ச நேரம்தான் அவள் எதற்கும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதைத்தான் அவளிடமிருந்து எடுக்கப் பார்த்தார்கள்.

காரணம் திருவிருந்து. மாதத்தின் முதல் ஞாயிறு, மூப்பர் ஒருவர் நடுவழியில் நின்று வரிசை வரிசையாக அனுப்புவார். பீடத்தின் முன்னுள்ள மரக்கிராதியில் முழங்காலிட்டு அப்பமும் திராட்சை ரசமும் வாங்கிக்கொண்டு, சுவரோரமாகத் திரும்பி வர வேண்டும். அக்கா வாங்கி வந்து உட்காருவாள். பின்வரிசைக்காரர்கள் எழும்போது அவளும் எழுவாள். வாங்கியது மறந்திருக்கும். நான் பிடித்து உட்கார வைத்தால், "எனக்கு மட்டும் ஏன் வேண்டாங்கிற?" என்று கேட்பாள். பல சமயம் விட்டுவிடுவேன். போதகரும் ஒன்றும் சொல்லாமல் கொடுப்பார்.

விழிப்புணர்வு ஞாயிறு முடிந்த செவ்வாய்க்கிழமை சபைச் செயலாளர் போன் செய்தார். தமிழில் இந்த ஊர் உருதுவைக் கலந்து பேசுகிறவர்.

"அக்காவ இனிமே சிரமப்படுத்த வேணாம் சிஸ்டர். போதகர் ஐயா வீட்டுக்கே வந்து திருவிருந்து கொடுத்துடுவாரு. படுக்கைல இருக்கிறவங்களோட சேர்த்துட்டோம்."

"அக்கா படுக்கையில இல்லையே அண்ணன். காலையில பார்க் வரைக்கும் நடந்துட்டு வந்தா."

"ஹவ், ஹவ், தெரியும். கமிட்டில எல்லாருக்கும் அக்கா மேல பிரியம்தான். ஆனா திரும்பத் திரும்ப வந்து நிக்கிறாங்க பாருங்க. புதுசா வர்ற ஃபேமிலிங்க பார்க்கிறாங்க. ஒரு மாதிரி இருக்கு."

"யாருக்கு ஒரு மாதிரி இருக்கு?"

"கோவப்படாதீங்க. உங்க வசதிக்குத்தான் சொல்றோம்."

என் வசதியை நான் யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. நான் சளியில் கிடந்த வாரம் அக்காவோடு ஒரு மணிநேரம் உட்காரச் சபையில் ஒரு ஆள் கேட்டேன். ஜெபித்துக்கொள்கிறோம் என்றார்கள். இப்போது நடக்க முடியாதவர்களுக்காக ஏற்பட்ட ஒரு நல்ல வழக்கத்தை, நடந்து வருகிறவளை வெளியே நிறுத்துவதற்கு எடுத்துக்கொண்டார்கள். முகத்துக்கு நேரே திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். இவர்கள் உபகாரம் செய்தார்கள்.

வேண்டாம் என்று நான் சொன்னதையும் மீறிச் சனிக்கிழமை சாயங்காலம் போதகரும் செயலாளரும் வந்துவிட்டார்கள். வாசலில் வந்து நிற்கிறவர்களைப் போகச் சொல்ல எனக்கு வரவில்லை. சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, சின்னக் கிண்ணத்தையும் தட்டையும் வைத்தார்கள். அக்காவுக்கு அவர்கள் விருந்தாளிகள். காப்பி போடச் சொல்லி என்னை விரட்டினாள். போதகர் ஜெபித்துவிட்டு அப்பத்தைக் கையில் கொடுத்ததும், அதைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"சாப்பிடுங்கம்மா" என்றார் போதகர்.

"மத்தவங்க வரட்டும். அவங்க வராம நான் மட்டும் எப்படிச் சாப்பிட?"

செயலாளர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். போதகர் அப்பத்தை எடுத்து அவள் வாயில் வைத்தார். கோயிலில் இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து நீட்டி வாங்குகிறவள் அவள். செயலாளர் அதைப் போட்டோ எடுத்து, அவர்கள் தெருமுனையைத் தாண்டுவதற்குள் சபையின் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். நிறையக் கும்பிடு கைகள் வந்தன.

மறுநாள் முதல் ஞாயிறு. அக்காவைக் குளிப்பாட்டி, பட்டுப்புடவை கட்டிவிட்டு, எப்போதும் உட்காரும் நான்காவது வரிசையில் உட்கார வைத்தேன். நோயாளிகளுக்கான ஜெபத்தில் போதகர் படுக்கையில் இருக்கிறவர்களின் பெயர்களை வாசித்தார். அதில் அவள் பெயரும் வந்தது.

அக்கா என் பக்கம் சாய்ந்தாள். "யாருட்டி அது? பாவம், படுக்கையில கெடக்காளாமே. போய்ப் பாத்துட்டு வருவோமா?"

"பார்ப்போம்க்கா" என்றேன்.

திருவிருந்து தொடங்கியது. அன்று நடுவழியில் நின்றவர் செயலாளர். எங்கள் வரிசை எழுந்தது. மற்றவர்களை விட்டுவிட்டு, அக்காவின் முன்னால் குறுக்கே கையை நீட்டினார். போன வாரத்து ரிப்பன் அவர் கோட்டில் இருந்தது.

"அக்காவுக்கு நேத்தே வீட்ல ஆயிடுச்சே சிஸ்டர்."

"நம்ம வரிசை இன்னும் வரலையா?" என்று அக்கா அவரிடம் கேட்டாள். "சரி, நிக்கேன்."

கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக ஒதுங்கி நின்றாள். ஐந்தாவது வரிசை எங்களைக் கடந்து போனது, ஆறாவது போனது. சிலர் போகிறபோக்கில் அவள் தோளைத் தொட்டார்கள். ஒருவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எத்தனையோ வருடமாக எங்களைத் தெரிந்தவர்கள். அவளையும் போக விடுங்கள் என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. கடைசி வரிசையும் போனபின் ஆர்கன் நின்றது.

"அண்ணன், கையை எடுங்க" என்றேன்.

"இங்க நக்கோ சிஸ்டர், வேணாம். ஆராதனை நடக்குது. அப்புறம் பேசலாம்."

"பேச ஒண்ணுமில்ல. கையை எடுங்க."

எல்லாருக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் பேசினேன். அவர் கையை எடுத்தார். அக்கா முன்னால் நடந்தாள், நான் பின்னால். போதகர் பாத்திரங்களைத் துணியால் மூடத் தொடங்கியிருந்தார். அக்கா கிராதியைப் பிடித்து முழங்காலிட்டு, உள்ளங்கைகளை நீட்டினாள். போதகர் அவளைப் பார்க்கவில்லை. எங்கள் தலைக்கு மேலே செயலாளரைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மன்னிக்கவில்லை. பிறகு துணியை விலக்கிக் கொடுத்தார்.

ஆராதனை முடிந்ததும் அக்காவைப் பக்கத்துப் பெண்ணிடம் விட்டுவிட்டு, பீடத்துக்குப் பின்னால் போதகர் உடை மாற்றும் அறைக்குப் போனேன்.

"அவ பேரை நோயாளிகள் ஜெபத்துல வாசிக்காதீங்க ஐயா."

"ஜெபம் பண்றது தப்பாம்மா?"

"அவளுக்குக் காது கேக்குது ஐயா."

அவர் அங்கியை மடித்துக்கொண்டிருந்தார்.

"வர்ற மாசமும் வருவோம். அவ எத்தனை தடவ வந்து முழங்கால் போட்டாலும் குடுங்க. குடுக்க முடியாதுன்னா அதை அவகிட்டயே சொல்லுங்க, எல்லார் முன்னாலயும். வீட்டுக்கு வராதீங்க."

மடித்த அங்கியை அலமாரியில் வைத்தார். பிறகு, "கமிட்டில வைக்கிறேன்மா" என்றார்.

வையுங்கள் என்று சொல்லிவிட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு ஆட்டோ பிடிக்கப் போனேன்.