எடைக்கு எடை மக்காச்சோளம்

எங்கள் ஊர் சர்ச்சில் ஐப்பசியில் அறுப்பின் பண்டிகை வரும். மரவள்ளி, பூசணி, சுரைக்காய் என்று மலையடிவாரத்தில் விளைந்ததெல்லாம் பலிபீடத்துப் படியில் குவியும். அதோடு எங்கள் ஊருக்கென்று ஒரு பழக்கம் உண்டு. சாகக் கிடந்து பிழைத்தவர்கள், பைபிள் பையை மடியில் வைத்துக்கொண்டு பெரிய தராசின் ஒரு தட்டில் உட்கார வேண்டும். மறு தட்டில் சொந்த நிலத்துத் தானியத்தைக் கொட்டி எடைக்கு எடை கொடுக்க வேண்டும். இது நம் வழக்கமில்லையே என்று வந்த போதகர்கள் எல்லாரும் முகம் சுளித்தார்கள். ஒருவராலும் நிறுத்த முடியவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் என் மனைவி அந்தத் தட்டில் உட்கார்ந்தாள். பாண்டிச்சேரியில் வயிற்றுக் கட்டியை எடுத்துவிட்டு வந்த வருடம் அது. ஒரு மூட்டை மக்காச்சோளம் கொட்டியும் தட்டு இறங்கவில்லை. மேலே இரண்டு முறம் போட்டோம். "வூட்ல சோறு பத்தாம போனது இவங்களாலதான்" என்று நானே கேலி செய்தேன். எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கு நான் சொன்ன ஸ்தோத்திரம் வாயிலிருந்து வந்ததல்ல, வயிற்றிலிருந்து வந்தது.

போன வருடம் புரட்டாசியில் கட்டி திரும்பி வந்துவிட்டது. டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, இனி கூட்டிக்கொண்டு வர வேண்டாம், கேட்டதை ஆக்கிக் கொடுங்கள் என்றார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளிடம், "மாத்திரைய மாத்திக் குடுத்துகிறாரு. ஒடம்பு தேறிடுமாம்" என்றேன். அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். உளுந்தூர்பேட்டையில் பஸ் நின்றபோது டீ வேண்டும் என்றாள். இரண்டு வாய் குடித்துவிட்டு டம்ளரை என்னிடம் நீட்டினாள்.

"ஏங்க, பண்டிகைக்கு எம்பேரக் குடுத்துடுங்க. இந்த வருசமும் ஒக்காரணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதற்கு நன்றி? அந்த வருடம் மழை கணக்காகப் பெய்து, எங்கள் ஒன்றரை ஏக்கரும் கண் கொள்ளாமல் விளைந்திருந்தது. கதிர் ஒவ்வொன்றும் முழங்கை நீளம். வீட்டில் அவள் தேய்ந்துகொண்டிருந்தாள். யாருக்கு எதைக் கொடுப்பது என்று மேலே இருப்பவருக்குத் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. தராசு பொய் சொல்லாது. முக்கால் மூட்டை கொட்டுவதற்குள் அவள் மேலே போய்விடுவாள். ஊரே பார்க்கும், அவளும் பார்ப்பாள். நான் சொன்ன பொய் அங்கேயே உடைந்துவிடும். போதகரிடம் போய், "இந்த வருசம் வேணாங்க ஐயா" என்று கெஞ்சினேன்.

"அவங்க தங்கச்சிய வுட்டுப் பேரு எழுதிட்டாங்களே" என்றார்.

பண்டிகையன்று ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனோம். நானும் போதகரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தட்டில் உட்கார வைத்தோம். கொழுந்தியாள் பைபிள் பையைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள். அவள் இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டாள். நான் சோளத்தை முறம் முறமாகக் கொட்ட ஆரம்பித்தேன். தட்டைப் பார்க்கத் தைரியமில்லாமல் முறத்தையே பார்த்தேன். அரை மூட்டை போயிற்று, முக்கால் மூட்டை போயிற்று. தட்டு இறங்கவில்லை. மூட்டை தீர்ந்து அடியைத் தட்டியபோதுதான் முள் நேராக நின்றது.

"ரெண்டு முறம்தான் கம்மி! கர்த்தர் தாங்கிக்கினு இருக்காரு!" என்றார் போதகர். சபை முழுக்க ஸ்தோத்திரம் என்றது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், நானும் நம்பினேன். டாக்டருக்கு என்ன தெரியும் என்றுகூட நினைத்தேன்.

அவளை இறக்குவதற்காகப் பையை வாங்கினேன். கை தரைக்கு இழுத்துக்கொண்டு போனது. துணிக்கு மேலேயே தெரிந்தது: எங்கள் வீட்டு அம்மிக் குழவி. கொழுந்தியாள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சபையோடு சேர்ந்து ஸ்தோத்திரம் என்றேன். வேறென்ன சொல்ல?

வீட்டுக்கு வந்து அவளைக் கட்டிலில் படுக்க வைத்த பிறகு, "இன்னாத்துக்கும்மா இது?" என்று கேட்டேன்.

"கொறையா நிறுத்தா, சாமி பாதியில கைவுட்டுட்டாருன்னு ஜனங்க பேசும். அவருக்கு அந்தப் பேரு வேணாம்."

"அவரு பேரு ஒனக்கு எதுக்கு?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து எழுந்தேன்.

"ஏங்க, அன்னிக்கி டாக்டரு ரூம் கதவு சாத்தவே இல்ல" என்றாள்.

கார்த்திகை முடிவதற்குள் போய்விட்டாள். இந்த ஐப்பசியிலும் சோளம் நன்றாகத்தான் விளைந்திருக்கிறது. காணிக்கைக்குப் பெயர் எழுத வந்தவர்களிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். அந்தக் குழவி இன்னும் பைபிள் பைக்குள்தான் இருக்கிறது. எடுத்து அம்மி மேல் வைக்கலாம் என்று தினமும் நினைக்கிறேன். என்னால்தான் தூக்க முடியவில்லை.