உயரும், குறையும், அப்படியே

பதினொரு வருடமாக மாதம் தவறாமல் அனார்குல் அக்கா எங்கள் காரகோல் ஊர்ச் சந்தைக்கு வருகிறாள். புள்ளிவிவர அலுவலகத்து வேலை. நாற்பது கடை, ஒரே கேள்வி. "அடுத்த மூணு மாசத்துல வியாபாரம் உயருமா, குறையுமா, அப்படியே இருக்குமா?" எங்கள் நம்பிக்கையை வைத்துத்தான் நாட்டுப் பொருளாதாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தலைநகரில் கணிக்கிறார்களாம். நல்ல ஆட்களைப் பார்த்துக் கேட்டார்கள்!

உயரும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம், கண் பட்டுவிடும். குறையும் என்றும் சொல்ல மாட்டோம், பலித்துவிடும். நாற்பது பேரும் "அப்படியேதான், கடவுள் புண்ணியத்துல" என்போம். என் காலுறைக் கடையில் கூட்டம் நெரிந்தபோதும் நான் அதையேதான் சொன்னேன். அக்கா பெருமூச்சு விட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போவாள். கணவனை இழந்தவள். அந்தச் சம்பளத்தில்தான் மகளை மருத்துவம் படிக்க வைக்கிறாள்.

போன வசந்தத்தின் கடைசியில் தலைநகரிலிருந்து கடிதம் வந்தது. எப்போதும் ஒரே பதில் என்றால் பயனில்லை, அடுத்த மாதமும் இப்படியென்றால் காரகோலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். அவள் வேலையும் போகும்.

செய்தி அவளுக்கு முன்பே சந்தைக்கு வந்துவிட்டது. அந்த மாதம் வரிந்துகட்டிக்கொண்டு எல்லோரும் "உயரும்" என்றோம். பக்கத்துக் கடையில் ரொட்டி சுடும் மம்பெத்தலி அண்ணன், "பிச்சிக்கிட்டுப் போகும்னு எழுதும்மா!" என்றார்.

அக்காவுக்கு முகம் சிவந்தது. "எனக்காகப் பொய் சொல்றீங்களா? இதை நம்பித்தானே மேல இருக்கறவங்க முடிவெடுப்பாங்க?" படிவங்களைக் கிழித்து அவர் அடுப்பிலேயே போட்டாள்.

மறுநாள் புதுப் படிவங்களோடு வந்து, முதலில் அவரிடமே போனாள். "அண்ணே, நெசத்தைச் சொல்லுங்க."

அவர் மாவு ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். பிறகு, "குறையும்மா. மூட்டு வலி தாங்கல. இலையுதிர் காலத்துல கடையை மூடிடுவேன்" என்றார்.

பக்கத்துக் கடைக்காரி நான், எனக்கே இது தெரியாது. அக்காவுக்குப் பேனா ஓடவில்லை. "இதை வச்சுக்கிட்டா நேத்து அப்படிச் சொன்னீங்க?"

"என் கடைதான் போகுது. உன் வேலையாவது தப்பிக்கட்டுமேன்னுதான்."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். எனக்கு நிஜமாகவே உயரும். ஆனால் அவர் முன்னால் அதைச் சொல்ல நா எழவில்லை, வெட்கமாக இருந்தது.

மம்பெத்தலி அண்ணன்தான் சிரித்தார். "சும்மா சொல்லும்மா. என் கண்ணு படாது."