மரகதம் தங்கம் வாங்கிய கதை

அமெரிக்காவில், டெக்சாஸின் ஃபிரிஸ்கோ நகரில் மரகதத்தைத் தெரியாத தமிழ்க் குடும்பம் கிடையாது. ஐஸ் ஸ்கேட்டிங்கில் தங்கப் பதக்கம் வாங்கியவள் என்றால் பத்து வயதுப் பிள்ளைகூட வீட்டைக் காட்டிவிடும். எப்படி வாங்கினாள் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

முதலில் ஸ்கேட்டிங் போனது மரகதம் அல்ல, மகள் வான்மதி. கணவர் சபரிநாதன் சாஃப்ட்வேர்க்காரர். தக்காளி வாங்குவதற்கே நாலு இடத்தில் விசாரிப்பவர். அக்கம்பக்கத்தில் பரதநாட்டியம் ஆடாத பெண் குழந்தையே இல்லை என்று கண்டுபிடித்தார். "நம்மாளுங்க யாரும் போகாத எடமாப் பாத்துச் சேத்தோணும். அப்பத்தான் காலேஜ் அப்ளிகேஷன்ல தனியாத் தெரியும்" என்று ஏழு வயதுப் பெண்ணை ஐஸில் இறக்கிவிட்டார். ஐந்து வருடம் காரோட்டிக்கொண்டு போனது மரகதம். பன்னிரண்டாவது வயதில் வான்மதி, "அம்மா, ஐ ஆம் டன்" என்று ஷூவைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ரோபோட்டிக்ஸுக்குப் போய்விட்டாள். அந்த வருடம் ரோபோட்டிக்ஸில் சேராத பிள்ளையும் ஃபிரிஸ்கோவில் இல்லை.

ஐந்து வருடம் வெளியே நூற்றுநான்கு டிகிரி வெயில் கொளுத்த, ஐஸ் ரிங்க்குக்குள்ளே ஸ்வெட்டரும் சால்வையுமாக உட்கார்ந்து பார்த்தவளுக்குக் கோச் கேரன் சொன்ன பாடமெல்லாம் மனப்பாடம். அடுத்த சனிக்கிழமை காலை பழக்க தோஷத்தில் கார் அங்கேயே போய் நின்றது. பின் சீட்டில் ஷூ கிடந்தது. தாய்க்கும் மகளுக்கும் ஒரே அளவு. போட்டுக்கொண்டு ஐஸில் கால் வைத்தாள், விழுந்தாள். நாற்பத்தோரு வயதில் விழுந்தால் இடுப்பு ஒரு வாரம் பேசும். பேசியது. மறு சனிக்கிழமையும் போனாள்.

மரகதம் பொள்ளாச்சியில் கெமிஸ்ட்ரியில் முதுகலை முடித்தவள். இங்கே வந்தபின் முதல் பத்து வருடம் விசா வேலை பார்க்க விடவில்லை. விட்ட பிறகு வேலை கூப்பிடவில்லை. சமையல், டிரைவிங், கோயிலில் புளியோதரை பேக்கிங் என்று எல்லாவற்றுக்கும் அவள் தேவைப்பட்டாள். ஆனால் எதுவும் அவளுடையது இல்லை. ஐஸில் விழுவது மட்டும் முழுக்க முழுக்க அவளுடையதாக இருந்தது. அதனால்தான் விடாமல் விழுந்தாள்.

ஆயுத பூஜைக்கு வீட்டுக் கார்களோடு ஸ்கேட் ஷூவுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். மறுநாள் கேரன் பிளேடில் சிவப்பைப் பார்த்துப் பதறிப்போய் முதலுதவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

இப்படியே ஒன்றரை வருடம் போயிற்று. பக்கத்து ஊர் கிளப் நடத்திய போட்டியில் பெரியவர்களுக்கான ஆரம்பப் பிரிவில் கேரன் அவள் பெயரைக் கொடுத்தாள். மரகதம் நாதஸ்வர இசைக்கு ஒன்றரை நிமிடம் ஆடினாள். ஒரு குட்டித் தாவல், ஒரு சுழற்சி. சுழற்சியில் இரண்டு சுற்று தாண்டினால் தலையும் சேர்ந்து சுற்றும், நிறுத்திக்கொண்டாள். கழுத்தில் தங்கத்தைப் போட்டார்கள்.

அந்த வயதுப் பிரிவில் பெயர் கொடுத்தது அவள் ஒருத்திதான். ஒருத்தி வந்தாலும் ஆட விடுவார்கள், பதக்கமும் கொடுப்பார்கள். அது அங்கே வழக்கம்.

"ஏனுங்க, நான் ஒருத்திதான ஆடுனேன்? நான் யாரைங்க ஜெயிச்சேன்?" என்றாள் காரில்.

"ஆடாத அத்தனை பேரையும் ஜெயிச்சிருக்கற" என்றார் சபரிநாதன். அதற்குள் தமிழ்ச் சங்க வாட்ஸப் குழுவில், 'மரகதம் முதலிடம், தங்கம்' என்று படத்தோடு போட்டிருந்தார். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

மீதியைச் சங்கம் பார்த்துக்கொண்டது. பொங்கல் விழா மேடையில் தலைவர் சிவராமகிருஷ்ணன் பேச ஆரம்பித்தபோது மரகதம் டெக்சாஸின் முதல் வீராங்கனை. பேச்சை முடித்தபோது அமெரிக்காவின் முதல் வீராங்கனை. இன்னும் ஐந்து நிமிடம் கொடுத்திருந்தால் உலகம் தப்பியிருக்காது. பொன்னாடை போர்த்தினார்கள், 'பனியரசி' என்று பட்டமும் கொடுத்தார்கள். மைக்கைக் கையில் கொடுத்தபோது உண்மை தொண்டை வரை வந்தது. எதிரே முந்நூறு பேர் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். "ரொம்ப நன்றிங்க" என்று மட்டும் சொல்லி இறங்கிவிட்டாள். பதக்கம் பூஜை அலமாரிக்குப் போனது. தினமும் விளக்கேற்றும்போது அதைப் பார்க்காமல் ஏற்றக் கற்றுக்கொண்டாள்.

அடுத்த வருடம் அதே போட்டி. ரிங்க் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் அவள் பிரிவில் இரண்டு பெயர்கள் இருந்தன. மரகதத்துக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. இரண்டாவது பெயரைப் படித்தாள்: தாமரைச்செல்வி. பக்கத்து ஊரான ரிச்சர்ட்சனில் இருக்கும் சென்னைப் பெண், வயது முப்பத்தெட்டு. பொங்கல் விழாவில் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவள். காலையில் தூரத்தில், முகம் தெரியாமல், நீல உடையில் ஒருத்தி நாலு சுற்று சுற்றிவிட்டு அலட்டாமல் நின்றதைப் பார்த்திருந்தாள். அது இவள்தான்.

உடை மாற்றும் அறைக்குள் தாமரைச்செல்வி பேயறைந்த முகத்தோடு வந்தாள்.

"அக்கா, சாரிக்கா. நீங்க மேல் லெவல் போயிருப்பீங்கன்னு நெனச்சுட்டேன். நான் வித்ட்ரா பண்ணிடறேன்."

"ஏன்?"

"உங்களைப் பாத்துதான் நான் ஸ்கேட்டிங்கே ஸ்டார்ட் பண்ணேன். உங்களையே எதிர்த்து நின்னா நல்லாவா இருக்கும்? சங்கத்துல என்ன பேசுவாங்க?" ஷூ லேஸை அவிழ்க்கவே ஆரம்பித்துவிட்டாள்.

மரகதம் ஒரு நிமிடம் அந்த லேஸ் அவிழ்வதையே பார்த்தாள். அந்த ஒரு நிமிடத்தை அழகுபடுத்திச் சொல்ல வேண்டியதில்லை, ஆசைதான். வாயை மூடிக்கொண்டிருந்தால் மறுபடியும் தங்கம், மறுபடியும் பொன்னாடை. இந்தப் பெண்ணும் மரியாதை காட்டிய நிறைவோடு வீட்டுக்குப் போவாள். வாயைத் திறந்தால் தோல்வி, கூடவே மானமும் போகும்.

"போன வருஷம் இந்தப் பிரிவுல எத்தன பேரு ஆடுனாங்கன்னு தெரியுமா கண்ணு?"

"ஒரு இருபது?"

"ஒருத்தி. நான் மட்டுந்தான்."

லேஸில் இருந்த கை நின்றது. "அப்ப அந்தப் பொன்னாடை?"

"வாங்கிட்டேன். வேண்டாம்னு சொல்ல வாய் வரலை." மரகதத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "நீ போயிட்டீன்னா நான் மறுக்காவும் ஒருத்தியா நிக்கோணும். என்னால ஆகாது. லேஸைக் கட்டு."

தாமரைச்செல்வி குனிந்து லேஸை இறுக்கிக் கட்டினாள்.

மரகதம் முதலில் ஆடினாள். தாவல் சுத்தமாக வந்தது. சுழற்சி வழக்கம் போல இரண்டே சுற்று. தாமரைச்செல்வி ஒரு இடத்தில் தடுமாறினாள், ஆனாலும் நாலு சுற்று நாலு சுற்றுதான். சுவரில் காகிதம் ஒட்டினார்கள்: முதலிடம் தாமரைச்செல்வி, ஒன்றரைப் புள்ளி வித்தியாசத்தில் இரண்டாவது மரகதம். கடைசியும் மரகதம்தான். வருத்தம் இல்லையா என்றால் இருந்தது, நன்றாகவே இருந்தது. ஆனால் அந்த ஒன்றரைப் புள்ளியை அவள் மூன்று தடவை படித்தாள். முதன்முறையாக அவளை யாரோ அளந்திருந்தார்கள்.

காரில் சபரிநாதன், 'கடும் போட்டிக்கிடையே' என்று தட்டச்சு செய்ய ஆரம்பித்திருந்தார். மரகதம் ஃபோனைப் பிடுங்கி அதை அழித்துவிட்டுத் தானே எழுதினாள்: 'இன்று ஆடியது இரண்டு பேர். முதலிடம் தாமரைச்செல்வி. நான் இரண்டாவது. போன வருடம் ஆடியது நான் ஒருத்தி மட்டும்தான். மரகதம்.' உடனே அனுப்பினாள்.

ஊர் காறித்துப்பும் என்று காத்திருந்தாள். வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள் வந்தன. பின்னாலேயே தலைவர் எழுதினார்: 'தன்னடக்கத்தின் சிகரமே! போட்டியாளரையும் உருவாக்கிய பெருந்தகையே! பொங்கல் விழாவில் இருவருக்கும் பொன்னாடை!'

"பாத்தியா?" என்றார் சபரிநாதன்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் மரகதம் இரண்டையும் செய்தாள். ஊரை நம்ப வைக்க அவளால் ஆகாது. ஆனால் தாமரைச்செல்வி ஒருத்திக்கு உண்மை தெரியும்.

அடுத்த சனிக்கிழமை தாமரைச்செல்வி பயிற்சிக்கு வந்தபோது மரகதம் ஏற்கனவே ஐஸில் விழுந்து எழுந்துகொண்டிருந்தாள்.

"என்னக்கா, இவ்ளோ சீக்கிரம்?"

மரகதம் முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "உன்னைத் தோக்கடிக்கோணுமல்ல கண்ணு. தள்ளி நில்லு, மூணாவது சுத்து போட்டுப் பாக்கறேன்."