ஃபியட்டில் ஏறாத மகள்

திண்டுக்கல்லில் மணிமாறன் என்று மட்டும் கேட்டால் யாருக்கும் தெரியாது. காயில் கட்டுகிற மணிமாறன் என்றால் விவசாயிகள் நாலு பேர் நாகல் நகர்ப் பக்கம் கை காட்டுவார்கள். கருகிப்போன கிணற்று மோட்டார்களுக்குப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பதுதான் அவர் பிழைப்பு. ஃபியட் மணிமாறன் என்று கேட்டுப் பாருங்கள், ஆட்டோக்காரர் மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்காமல் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். மனிதருக்கும் அந்தப் பெயர்தான் பிடிக்கும்.

ஆகாய நீலத்தில், எழுபத்து மூன்றாம் வருஷத்து வண்டி அது. திண்டுக்கல் தனி மாவட்டமாகாத காலத்து மதுரை நம்பர். மகள் தமிழ்மதி பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்னால், ஊரை விட்டுப் போன ஒரு டாக்டரிடம் வாங்கினார். கியர் கம்பி ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். மூன்றாவது கியர் விழ வேண்டுமென்றால் கம்பியைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்து, ஒரு மூச்சு விட்டு, அப்புறம் தள்ள வேண்டும். அந்த ஒரு மூச்சு எவ்வளவு நீளம் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். வேறு யார் உட்கார்ந்தாலும் வண்டி முக்கி முனகி நின்றுவிடும். ரிப்பேர் என்று மற்றவர்கள் சொல்வார்கள். இவர் அதைப் பெருமை என்று வைத்துக்கொண்டிருந்தார்.

இந்தப் பக்கத்தில் கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு உண்டு. கோயிலில் மாலை போட்டு, மேளத்தோடு மாப்பிள்ளையை மண்டபத்துக்குக் கூட்டி வருவார்கள். அதற்கு மணிமாறனின் ஃபியட் வந்தால் அந்த வீட்டுக்கு ஒரு தனி எடுப்பு. அவர் வாடகை வாங்கமாட்டார். வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும். அதைக் கையில் வாங்கிவிட்டாரென்றால் மழையானாலும் வெயிலானாலும் வண்டி வந்து நிற்கும். முடிந்ததும் ஒரு வேட்டி துண்டு கொடுப்பார்கள். அவர் மனைவி யுவராணியின் பீரோவில் புடவைகளைவிட வேட்டிகள்தான் அதிகம். “இம்புட்டு வேட்டிய வச்சு நான் என்ன சாமியானா பந்தலா போடப் போறேன்?” என்று அந்தம்மாள் கேட்காத நாளில்லை.

அந்த வண்டியின் பின்சீட்டில் சட்டாம்பிள்ளையாக உட்கார்ந்து வளர்ந்தவள் தமிழ்மதி. பள்ளிக்கூடத்துக்கு அதில் போனாள். காந்திகிராமத்தில் படித்த மூன்று வருஷமும், பரீட்சை என்றால் அதில்தான் போய் இறங்கினாள். ஊரார் வீட்டு மாப்பிள்ளைகளுக்காக வண்டிக்குப் பூ ஜோடிக்கும்போது கூட நின்று நூல் எடுத்துக் கொடுப்பாள்.

“எனக்குக் கல்யாணம்னா நீங்கதான்ப்பா என்னயக் கூட்டிட்டுப் போகணும்” என்பாள்.

“பின்ன, ஒன்னய பஸ்ஸுலயா ஏத்திவிடுவேன்?” என்று சிரிப்பார் அவர்.

பஸ்ஸில் ஏற்றிவிடவில்லை. வேனில் ஏற்றிவிட்டார்கள். அது நடந்தது ஏழு வருஷத்துக்கு முன்னால், ஆவணி மாதம்.

ஒட்டன்சத்திரத்தில் இடம் அமைந்தது. மாப்பிள்ளை விக்னேஷ்குமாருக்குக் காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் மண்டி. கல்யாணம் மாப்பிள்ளை ஊரில் என்று முடிவாகி, அவர்கள் ஜோசியர் குறித்த தேதியைப் பார்த்தபோதுதான் மணிமாறனுக்குச் சுருக்கென்றது. அதே முகூர்த்தத்தில் பூ மார்க்கெட் பாண்டியின் மகனுக்குத் திண்டுக்கல்லில் கல்யாணம். அதற்கு வண்டி தருவதாக அவர் எப்போதோ வெற்றிலை பாக்கு வாங்கியாயிற்று.

பாண்டி தங்கமான ஆள். விஷயம் தெரிந்ததும் தானே வந்தார். “அண்ணே, ஒங்க பிள்ள கல்யாணம். நான் வேற வண்டி பாத்துக்கிறேண்ணே, நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க” என்றார்.

வேறு யாராவதாக இருந்தால் அந்த இடத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். நம்மவர் என்ன செய்தார்? “வெத்தல பாக்க வாங்கிட்டு இல்லைங்கிற பழக்கம் எனக்கில்ல, பாண்டி. மொத நாளு சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒன் மகன ஏத்துறேன், ஆறு மணிக்கு எறக்குறேன், ஆறரைக்கு என் மகள ஏத்துறேன்” என்றார். வாக்கு என்பார் அவர். வறட்டு ஜம்பம் என்று நான் சொல்வேன். ஃபியட் மணிமாறன் சொன்ன சொல் தவறிவிட்டார் என்று ஒரு ஆள் சொல்லிவிடக் கூடாதாம். மகள் வீட்டு ஆள்தானே, அவள் புரிந்துகொள்வாளாம்.

மாப்பிள்ளை அழைப்பு என்பது நடந்து போகிறவர்களின் வேகத்தில் நகர்வது. முன்னால் தப்பாட்டக்காரர்கள் ஆட, பையன்கள் வெடி போட, ஃபியட் முதல் கியரிலேயே ஒரு மணி நேரம் ஊர்ந்தது. பழைய வண்டிக்கு அது ஆகாது. எஞ்சின் கொதித்தால் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடும், வண்டி படுத்துக்கொள்ளும். மணிக்கூண்டுப் பக்கம் படுத்துக்கொண்டது. ஈரத் துணியைப் பம்பின் மேல் போட்டு, விசிறி, காத்திருந்து, அவர் அதைக் கிளப்பி மாப்பிள்ளையை இறக்கும்போது மணி ஏழரை. அவர் வீட்டில் நல்ல நேரம் முடிவதற்குள் பெண்ணை வாசல்படி இறக்க வேண்டுமென்று பெரியவர்கள் பதறி, யுவராணி கற்பூரம் காட்ட, உறவுக்காரர்களின் வேனில் தமிழ்மதி புறப்பட்டுப் போயிருந்தாள். மணிமாறன் கையெல்லாம் கிரீசோடு ஒட்டன்சத்திரம் மண்டபத்துக்குள் நுழைந்தபோது முதல் பந்தி முடிந்திருந்தது. மகள் அவரைப் பார்த்து, “சாப்ட்டீங்களாப்பா?” என்று மட்டும் கேட்டாள்.

அதற்கப்புறம் அவள் அந்த வண்டியில் ஏறவில்லை.

கோபம் என்று சொல்ல முடியாது. தீபாவளிக்கு வருவாள், பொங்கலுக்கு வருவாள், அவருக்குச் சட்டை எடுத்து வருவாள், சிரித்துப் பேசுவாள். கடைவீதிக்குப் புறப்படும்போது இவர் சாவியை எடுத்தால், “வேணாம்ப்பா, எதுக்கு வீணா பெட்ரோலு” என்று டவுன் பஸ்ஸுக்கு நடந்துவிடுவாள். ஒரு தடவை கேட்டார், இரண்டு தடவை கேட்டார், அப்புறம் கேட்கப் பயமாகிவிட்டது. கல்யாண வண்டி கேட்டு வருகிறவர்களுக்குக் கையெடுத்துக் கும்பிட்டு இல்லையென்றார். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவரும் யுவராணியும் செம்பட்டி வரை போய்க் காய் வாங்கி வருவார்கள். யுவராணி முன்னால் உட்காருவாள். பின்சீட்டை அவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டுவார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவள் அதில் வந்து உட்கார்ந்துவிட்டால் போதும், அந்த ஆவணி மாதச் சாயங்காலம் சரியாகிவிடும் என்று ஏங்கினார். வாய்விட்டுச் சொல்லியிருந்தால் என்றைக்கோ தீர்ந்திருக்கும். எங்கே சொன்னார்? ஞாயிறுதோறும் வண்டிக்கு மெழுகு போட்டுத் தேய்த்தார்.

போன தை மாதம் ஃபோன் வந்தது. ஆறு வருஷம் ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் நடந்தவள் முழுகாமல் இருக்கிறாள். வைகாசியில் ஏழாம் மாதம், வளைகாப்பு. வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைப் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது வழக்கம். அழைத்து வரும் உரிமை பெற்றவர்களுக்கு. யுவராணி அழுதாள். மணிமாறனும் அழுதார். அழுது முடித்ததும் நேராகப் போய்ப் பானெட்டைத் திறந்தார்.

மூன்று மாதம் வண்டியோடு மல்லுக்கட்டினார். இப்போது பங்கில் போடுகிற புதுப் பெட்ரோல் பழைய ரப்பரைத் தின்றுவிடுகிறது என்று பேகம்பூர் மெக்கானிக் அப்துல் ஜப்பார் சொன்னதைக் கேட்டுக் குழாய்கள் அத்தனையும் மாற்றினார். பின்சீட்டுக்குப் புதிதாகத் தேங்காய் நார் அடைத்துத் தைத்தார். பிறகு யுவராணியைப் பின்னால் உட்கார வைத்து, மடியில் சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்து, ஒட்டன்சத்திரம் வரைக்கும் ஓட்டிப் பார்த்தார். சிந்தக் கூடாது, அதுதான் கணக்கு. முதல் தடவை யுவராணியின் சேலை முழுக்க நனைந்தது. மூன்றாவது தடவை கொசுவத்தில் ரெண்டு சொட்டு.

“எனக்குத்தான் வளைகாப்புங்கிற மாதிரி ஊரே வேடிக்க பாக்குது” என்றாள் யுவராணி. ஆனாலும் இறங்கி ஓடவில்லை. அவர் ஏக்கம் அவளுக்குத் தெரியாதா?

ஒட்டன்சத்திரத்தில் மாப்பிள்ளை வீட்டில் வளைகாப்பு நன்றாகவே நடந்தது. ஐந்து வகைச் சோறு, கை நிறையக் கண்ணாடி வளையல், கன்னம் நிறையச் சந்தனம். மத்தியானம் வெயில் உச்சியில் நின்றபோது புறப்படும் நேரம் வந்தது. வாசலில் இரண்டு வண்டிகள். விக்னேஷ்குமாரின் புது வெள்ளைக் கார், ஏசி போட்டுத் தயாராக. பக்கத்தில் ஃபியட்.

“ஏனுங்க சம்பந்தி,” என்றார் மாப்பிள்ளையின் அப்பா சின்னக்கண்ணு, மெதுவாக. “தப்பா நெனைக்காதீங்க. இந்த வெயில்ல, வவுத்துப் பிள்ளக்காரிய... தம்பி வண்டியில அனுப்பிருவமுங்க.”

மணிமாறன் சாவியைக் கைக்குள் மூடித் திறந்துகொண்டு மகளைப் பார்த்தார். அறுபத்திரண்டு வயது மனிதர் அப்படிக் கெஞ்சிப் பார்க்கக் கூடாதுதான். தமிழ்மதி அதைப் பார்த்துவிட்டாள்.

“அப்பா வண்டியிலயே போறேன் மாமா” என்றாள்.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து ஏறினாள். வளையல்கள் கதவில் உரசிச் சலசலத்தன. ஏழு வருஷம் கழித்துப் பின்சீட்டு நிறைந்தது. மணிமாறன் முன்னால் ஏறி, எஞ்சினைக் கிளப்பி, கண்ணாடியைச் சரிசெய்து பின்னால் பார்த்தார்.

மகள் முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள். முகம் வெளிறி, நெற்றி வேர்த்திருந்தது. புதுக் குழாயின் ரப்பரும், கொதிக்கிற பெட்ரோலும், தேங்காய் நாரும் சேர்ந்த அந்த வாடை அவருக்கு வாடையே இல்லை. அவர் அதிலேயே வாழ்கிற ஆள். மாசமாக இருக்கிறவளுக்கு அது எப்படி இருக்கும் என்று சொம்பைத் தூக்கிக்கொண்டு அலைந்த மூன்று மாதத்தில் ஒரு தடவைகூட அவர் நினைத்துப் பார்க்கவில்லை. கண்ணாடியில் அப்பா பார்ப்பது தெரிந்ததும் அவள் முந்தானையை இறக்கிவிட்டுச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை அவரால் தாங்க முடியவில்லை. எஞ்சினை அணைத்தார்.

“எறங்கும்மா. மாப்ள வண்டியில போ.”

“ஏம்ப்பா? நான் நல்லாத்தான் இருக்கேன். எடுங்க, போவோம்.”

“ஒனக்கு வாட ஆகல தாயி. எனக்காக ஒண்ணும் நீ கஷ்டப்பட வேணாம். நீங்க முன்னால போங்க, நான் பின்னாலயே இத எடுத்துக்கிட்டு வாரேன்.”

அவள் இறங்கினாள். வெள்ளைக் காரில் ஏறினாள். யுவராணி மாப்பிள்ளை பக்கத்தில் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். மணிமாறன் கதவைச் சாத்தப் போனார். தமிழ்மதி கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்களும் இதுலயே வாங்கப்பா.”

“வண்டி?”

“அது இங்கன கெடக்கட்டும்.”

“அதெப்படிம்மா, வேற யாருக்கும் அது...”

“அப்பா” என்றாள் அவள். குரல் தணிந்திருந்தது. “அன்னிக்கும் எனக்கு வண்டி வேணும்னு இல்லப்பா. வீட்ட விட்டு எறங்குறேன், பக்கத்துல நீங்க இல்ல. அம்புட்டுத்தான்.”

மணிமாறன் வெயிலில் நின்றார். அவருக்குப் பின்னால் அந்த நீல வண்டி நின்றது. ஏழு வருஷம் அதன் பின்சீட்டுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தவரிடம், தன் பக்கத்துச் சீட்டுக்கு ஆள் வேண்டுமென்று மகள் கேட்கிறாள். முப்பது வருஷத்துக்கு மேலாக ஒரு ராத்திரிகூட அடுத்தவர் வாசலில் வண்டியை விட்டதில்லை. நாலு எட்டு நடந்துபோய்ச் சாவியைச் சின்னக்கண்ணுவின் கையில் கொடுத்தார்.

“வெயில் படாம எங்கிட்டாச்சும் தள்ளி விட்டுருங்க சம்பந்தி. நான் அப்பறமா ஒரு நாளைக்கு வாரேன்.”

மகள் பக்கத்தில் உட்கார்ந்தபோது அவருக்குக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஸ்டியரிங் இல்லாமல் காரில் உட்கார்ந்து பழக்கமில்லை. முழங்கால் மேல் வைத்தார். கார் ரெட்டியார்சத்திரம் தாண்டியது. தமிழ்மதி அவர் தோளில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தார். தூங்கவில்லை என்பது வளையல் சத்தத்தில் தெரிந்தது.

“அன்னிக்கு ரொம்ப நேரம் என்னயத் தேடுனியாம்மா?” என்று அவளுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

“வேன்ல பின்னால கண்ணாடி வழியா பாத்துக்கிட்டே இருந்தேன்ப்பா. நீல வண்டி எப்படியும் வந்துரும்னு.”

“எம்புட்டு நேரம்?”

“மண்டபம் வர்ற வரைக்கும்.”

மணிமாறன் முழங்கால் மேலிருந்த கையை எடுத்து அவள் வளையல் கைமேல் வைத்தார்.