தாமரைக்குப் பசித்த நேரம்

மலேசியாவின் கிள்ளானில் மேரு சாலைப் பக்கம் புஷ்பவல்லியின் பள்ளி வேனைத் தெரியாதவர்கள் குறைவு. வீட்டு வாசலில் ஒரு தரம்தான் ஹாரன் அடிப்பாள். அதற்கும் பிள்ளை வரவில்லையென்றால் திட்டிக்கொண்டே இறங்கிப் போய்க் கதவைத் தட்டுவாள். ஆனால் யாரையும் விட்டுவிட்டுப் போனதில்லை. கணவன் யுகேந்திரன் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். கல்யாணமாகிப் பல வருடங்களாகியும் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. இருவரும் நாற்பதைத் தாண்டிய பிறகு, டெங்கிலில் ஓர் இளம்பெண் தனக்குப் பிறந்த குழந்தையை வளர்க்க முடியாமல் தத்துக் கொடுக்க முன்வந்தாள். பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத அந்தப் பெண்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து தாமரை என்று பெயர் வைத்தார்கள்.

வேனை ஒரு தெரிந்த டிரைவரிடம் கொஞ்ச நாளைக்குக் கொடுத்துவிட்டுப் புஷ்பவல்லி வீட்டில் இருந்தாள். பால்மாவு டின்னில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று போட்டிருந்தது. நேரம் தவறாமல் வண்டி ஓட்டிப் பழகியவளுக்கு அது பெரிய காரியமாகப் படவில்லை. கைப்பேசியில் அலாரம் வைத்தாள். தாமரைதான் அலாரத்துக்கு மசியவில்லை. சில சமயம் குடித்து ஒன்றரை மணி நேரத்திலேயே வீடு அதிரக் கத்துவாள். சில சமயம் அலாரம் அடித்து ஓய்ந்தபின்னும் உதட்டை இறுக்கிக்கொண்டு தூங்குவாள். டின்னில் போட்டிருந்த அளவையும் அவள் மதிக்கவில்லை. ஒரு வேளை முழுவதையும் உறிஞ்சினால் அடுத்த வேளை பாதியிலேயே தலையைத் திருப்பிக்கொண்டாள்.

உதவிக்கென்று செராஸிலிருந்து யுகேந்திரனின் அக்கா இராஜம்மா வந்தார். நான்கு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர்.

"பசியில்லாமலா இப்படிக் கத்துறா? போத்தல வை லா."

"இப்பத்தான் குடிச்சா அண்ணி."

"அது பத்தல. மிச்சம் வைக்க விடாத. முழுசும் உள்ள போவணும்."

முழுவதும் உள்ளே போனது. பத்து நிமிடத்தில் புஷ்பவல்லியின் தோளிலும் முதுகிலுமாக வெளியேயும் வந்தது.

"பாத்தியா, காத்து! முதுகத் தட்டவே தெரியல உனக்கு."

மறுநாள் குழந்தை அழுதபோது அவள் போத்தலை எடுக்கப் போனாள். இராஜம்மா தடுத்தார். "எந்நேரமும் வாயில வச்சா அதுவே பழக்கமாயிடும். கொஞ்சம் அழட்டும்."

நேற்று ஒன்று, இன்று ஒன்று. எதைக் கேட்பது? புஷ்பவல்லி கணவனைப் பார்த்தாள். யுகேந்திரன் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அக்கா நாலு பிள்ள வளத்தவங்க, வல்லி" என்றான். அதோடு அவன் கடமை முடிந்தது.

அரசாங்கக் கிளினிக்கில் குழந்தையின் எடையைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். முகப்பில் இருந்தவர், வரிசையில் எல்லோருக்கும் கேட்கும்படி, ஏன் தாய்ப்பால் கொடுக்கவில்லை என்று மலாயில் கேட்டார். தத்துப்பிள்ளை என்று புஷ்பவல்லி சொன்னாள். எடை பார்க்கும் அறையில் இன்னொருவர் அதையே கேட்டார். அங்கேயும் சொன்னாள். மூன்றாவதாக இருந்த தமிழ் நர்ஸ் மிஸ்ஸியிடம், அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, "நான் பெக்கல, தத்தெடுத்தேன், அதான் போத்தல் பால்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள்.

மிஸ்ஸி கோபப்படவில்லை. "சரிக்கா. டைமை மட்டும் பாத்துக் குடுக்காதீங்க. இந்த வயசுல ரெண்டு மணி, மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா கேப்பா. வாயத் திறந்து அங்க இங்க தேடுவா, கைய சப்புவா, அப்பவே குடுத்துடுங்க. அழுகை கடைசியிலதான் வரும். வேணான்னு தலையத் திருப்பினா விட்டுடுங்க. ஆனா ரொம்ப நேரம் தூங்கினா எழுப்பிக் குடுக்கணும். பேம்பர்ஸ் நல்லா நனையுதான்னு பாருங்க."

நல்லபடியாகத்தான் சொன்னார். இருந்தாலும் புஷ்பவல்லிக்கு எரிச்சல்தான் வந்தது. அலாரம் வைத்ததும் தப்பு, போத்தலைக் காலி செய்ய வைத்ததும் தப்பு என்றால், இத்தனை நாள் தான் செய்ததில் எதுதான் சரி?

வீட்டில் அதைச் சொன்னபோது இராஜம்மா சிரித்தார். "அந்த மிஸ்ஸி சொல்லித்தான் தெரியணுமா? நீ பெத்திருந்தா இதெல்லாம் யாரையும் கேக்க வேணாம். வயிறே சொல்லும்."

குத்திக்காட்ட வேண்டும் என்று அவர் அதைச் சொல்லவில்லை. அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டுக் கீரை ஆயப் போய்விட்டார். புஷ்பவல்லி சமையலறைக்குப் போய், ஏற்கனவே கொதிக்க வைத்திருந்த போத்தல்களை மறுபடியும் தண்ணீரில் போட்டு அடுப்பை மூட்டினாள். கை வேலை செய்துகொண்டிருந்தால் வாய் எதுவும் பேசாது என்ற நம்பிக்கையில்.

வேனை எடுத்திருந்த டிரைவருக்கு வேறு வேலை வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அவளே ஓட்டப் போனாள். காலையிலும் மதியத்திலும் தாமரை இராஜம்மாவிடம் இருந்தாள். திரும்பி வரும்போதெல்லாம் குழந்தை அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தது.

"நான் குடுத்தா எப்படித் தூங்குறா பாரு" என்றார் இராஜம்மா பெருமையாக.

புஷ்பவல்லிக்கு வெட்கமாக இருந்தது. தன் கையில் மட்டும் கத்துகிறாளே என்று பொறாமையாகவும் இருந்தது. ஆனால் இரண்டு நாள் கழித்துப் பேம்பர்ஸை மாற்றும்போது அது கனமே இல்லை என்பதைக் கவனித்தாள்.

"வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும்" என்றார் இராஜம்மா.

அடுத்த நாள் மதியம் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து தூக்கியபோது தாமரையின் தலை துவண்டது. உதடு காய்ந்திருந்தது. போத்தலை வைத்தாள். குழந்தை சப்பவில்லை. கன்னத்தைத் தட்டினாள். பாதத்தைச் சுரண்டினாள். கண் பாதி திறந்து மூடிக்கொண்டது.

"தூங்குற பிள்ளைய ஏன் எழுப்புற?"

"இது தூக்கம் இல்ல அண்ணி. கிளம்புங்க."

வேனின் முதல் வரிசையில் இராஜம்மா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார, புஷ்பவல்லி மருத்துவமனைக்கு ஓட்டினாள். அன்று வழியெல்லாம் ஹாரன் அடித்தாள்.

மருத்துவர் இளைஞர். பாலை எப்படிக் கலக்குகிறீர்கள் என்று கேட்டார். டின்னில் போட்டபடி, தண்ணீரை அளந்து ஊற்றிவிட்டுத் தலைதட்டிய கரண்டிக் கணக்கு என்றாள். இரத்தப் பரிசோதனை வந்த பிறகு திரும்பவும் அதையே கேட்டார். அவர் பார்வை அவளுக்குப் பிடிக்கவில்லை. பொய் சொல்கிறவளைப் பார்ப்பது போலிருந்தது. உடம்பில் தண்ணீர் குறைந்து உப்பு ஏறியிருக்கிறது, பால் அளவுக்கு மீறிக் கெட்டியாக இருந்தால் இப்படி ஆகும் என்றார். பிறகு மலாய் மரியாதையோடு கேட்டார்: "வீட்டில் வேறு யாராவது கலக்குகிறார்களா, புவான்?"

புஷ்பவல்லி திரும்பினாள். "அண்ணி, நீங்க எப்படிக் கலக்குனீங்க?"

இராஜம்மா சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கூட ஒரு கரண்டிதான் போட்டேன். கெட்டியா இருந்தா வயிறு தாங்கும், அடிக்கடி கேக்காது. எம்பிள்ளைங்களுக்கு அப்படித்தான் குடுத்தேன். ஒண்ணும் ஆவலையே."

அதற்குள் யுகேந்திரன் மஞ்சள் வேலைச் சட்டையோடு ஓடி வந்திருந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முதலில் சொன்னது, "அக்கா வேணும்னேவா பண்ணாங்க, வல்லி?"

"வேணும்னு பண்ணலங்க. கேக்காம பண்ணாங்க. நான் அம்மா இல்ல, என்னைய எதுக்குக் கேக்கணும்னுதானே கேக்கல? நீங்களும் அப்படித்தானே நினைச்சீங்க?"

நடைபாதையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றாள். இந்தத் தடவை யுகேந்திரன் முன்னால் தொலைக்காட்சி இல்லை.

தாமரைக்கு ஊசி வழியாக மெதுவாகத் தண்ணீர் ஏற்றினார்கள். வார்டில் ஆள் மாற மாற, ஏன் தாய்ப்பால் இல்லை என்ற கேள்வி வந்துகொண்டே இருந்தது. புஷ்பவல்லி பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். சில நாளில் குழந்தை கண்ணை நன்றாகத் திறந்தது. பேம்பர்ஸ் கனத்தது. ஆபத்து நீங்கியது, வீட்டுக்குப் போகலாம் என்றார் அதே மருத்துவர். அந்தப் பார்வைக்காக அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

இராஜம்மா துணிமணிகளை எடுத்து வைத்துக்கொண்டு செராஸுக்குக் கிளம்பினார். "நான் என்ன கொல்லவா பாத்தேன்?" என்று அழுதார். புஷ்பவல்லிக்கும் அழுகை வந்தது. ஆனால் இருங்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "வரேன்" என்று சொல்லாமல் "போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அதற்குப் பிறகு தம்பிக்கு மட்டும்தான் போன் செய்கிறார்.

யுகேந்திரன் சூப்பர்வைசரைக் கெஞ்சிக் கூத்தாடி மாலை ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டான். காலையிலும் மதியத்திலும் குழந்தை இப்போது அவனிடம்தான். புஷ்பவல்லி அலாரத்தை எடுத்துவிட்டாள். போத்தலில் மிச்சமிருந்தால் கொட்டிவிடுகிறாள். ஆனாலும் ஒவ்வொரு வேளையும் சந்தேகம்தான். பசியா, காற்றா, வெறும் அழுகையா? பாதி நாள் தப்பாகவே கணிக்கிறாள். தலை வாரக்கூட நேரமில்லாமல் வேனில் ஏறும்போது, பிள்ளை வேண்டும் என்று இத்தனை வருடம் வேண்டிக்கொண்டது இதற்குத்தானா என்றுகூட ஒரு கணம் தோன்றியிருக்கிறது.

பள்ளி வாசலில் வண்டியை நிறுத்தியதும் போன் வரும். அன்றும் வந்தது.

"வல்லி, அழுவுறா. குடுத்து ஒன்றரை மணி நேரந்தான் ஆச்சு. மூணு மணி நேரம் ஆவலையே, என்ன பண்றது?"

"இதத்தானே நேத்தும் கேட்டீங்க? கைய சப்புறாளா பாருங்க."

"சப்புறா."

"அப்ப குடுங்க. போதும்னா விட்ருங்க. திணிக்காதீங்க."

"எத்தன கரண்டி?"

"டின்னுல போட்டிருக்குங்க! கூடவும் வேணாம், குறையவும் வேணாம்."

போனை வைக்கப் போனவள் மறுபடியும் காதில் வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் பால் கலக்கும் சத்தத்துக்குப் பிறகு அழுகை திடீரென்று நின்று, சப்பும் சத்தம் கேட்டது. யுகேந்திரன், "குடிக்கிறா" என்றான். பின்னால் வந்த கார்க்காரன் வண்டியை எடுக்கச் சொல்லி ஹாரன் அடித்தான். புஷ்பவல்லி எடுக்கவில்லை.